வழிப்போக்கனும் விசாவும்

2020ஆம் ஆண்டு, கொரோனாப் பெருந்தொற்றுக் காலம். மாவட்டம் விட்டு மாவட்டம் செல்வோர் 'இ-பாஸ்' பெற்றாக வேண்டும் என்றிருந்த கட்டுப்பாட்டைத் தமிழ்நாடு அரசு செப்டம்பர்த் திங்களில் நீக்கியது. ஆயினும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைத்தலங்களுக்குச் சுற்றுலாவாகச் செல்வோர் மட்டும் அவ்வம்மாவட்ட ஆட்சியரின் முன்னிசைவு பெற்றே ஏறுதல் வேண்டும் என்று விதித்தது. சேலம் மாநகரினின்று ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்த் தொலைவு. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏரி வந்துவிடும். காலையில் நினைத்துக்கொண்டு புறப்பட்டு, மாலையில் காப்பிக்கொட்டைப் பொட்டலத்தோடு இறங்கிவரும் பழக்கம் நம்மவர்க்கு உண்டு. அத்தகைய மலைக்கும் அன்று ஒரு வாயிற்கதவு முளைத்தது. எவர் வருகிறார், எதற்காக வருகிறார், எவ்வூர்தியில், எத்தனை பேர், எந்நாள் முதல் எந்நாள் வரை என்னும் வினாக்களுக்கு விடையளித்த பின்னரே சேர்வராயன் மலையின் அடிவாரத்தைக் கடக்க முடிந்தது.

அந்த ஆணையைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நோய் பரவும் காலத்தில் மலைவாழ் மக்களைக் காக்க அது வேண்டப்பட்டதே. நான் சுட்ட விழைவது வேறு. அயல்நாட்டுத் தூதரகமொன்றின் விண்ணப்பத்தாளைக் கையாலும் தொட்டறியாத சேலத்துக்காரர் பலர், நுழைவிசைவு என்பதன் சுவையை அன்றுதான் அறிந்தனர். ஒரு மலைக்கே இத்துணை வினாக்கள் எனில், ஐந்தாறு நாடுகளைத் தரைவழியே கடந்து செல்ல முனையும் ஒருவன் எத்துணை வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியிருக்கும்? வானூர்தியில் பறப்பவனுக்கு ஏறுமிடம் ஒன்று, இறங்குமிடம் ஒன்று. இடையிலுள்ள நாடுகள் அவனைக் கேள்வி கேட்பதில்லை. நிலத்தில் செல்பவனையோ ஒவ்வொரு நாடும் நிறுத்திக் கேட்கும். இன்றைய விசா முறை வானத்தில் பறப்பவனை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது என்பதும், நிலத்தில் நடப்பவன் அதில் மறக்கப்பட்டான் என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

இரு சொற்கள்

மாணவர் பலர் கடவுச்சீட்டையும் விசாவையும் ஒன்றெனவே கருதுகின்றனர். 'கடவு' என்பது வழி எனப் பொருள்படும் பழந்தமிழ்ச் சொல். ஈழத்தமிழர் இன்றும் புகைவண்டிப் பாதையைக் கடக்குமிடத்தைக் 'கடவை' என்றே வழங்குவர். ஆகவே கடவுச்சீட்டு என்பது வழிச்சீட்டு. அதனை அளிப்பது நம் அரசு; 'இவன் எம் குடிமகன், இவனுக்கு வழி விடுக' என்று பிற அரசுகளை வேண்டுவது அது. விசாவை அளிப்பது மற்றோர் அரசு. 'பார்க்கப்பட்டது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று அப்பெயர் வந்தது. உம் தாளைப் பார்த்தோம், வரலாம் என்பதே அதன் கருத்து. ஒன்று வேண்டுகோள், மற்றொன்று அவ்வேண்டுகோளுக்கு விடை. வேண்டுகோள் நம் கையில் இருப்பதனாலேயே விடையும் கிடைத்துவிடும் என்று எண்ணி ஏமாறுவோர் மிகப் பலர். 'நுழைவிசைவு' என்னும் சொல்லாக்கம் அழகியதே. எனினும் மக்கள் நாவில் 'விசா' நிலைத்துவிட்டமையால் ஈண்டும் அதனையே ஆள்கிறேன்.

வழிச்சீட்டு முறை வெள்ளையர் கொணர்ந்த புதுமை என்று எண்ணுதலும் பிழையாகும். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் முத்திரை அதிகாரி ஒருவரைக் குறிப்பிடுகிறது. மாஷம் என்னும் சிறுகாசு ஒன்றைப் பெற்றுக்கொண்டு அவர் வழிமுத்திரை வழங்குவார். முத்திரையின்றி நாட்டினுள் புகுந்தவனுக்குப் பன்னிரண்டு பணம் தண்டம். காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலையில் பொதிகளின் மீது சோழரின் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அங்கே சரக்குக்கு முத்திரை. இங்கே ஆளுக்கு முத்திரை. அவ்வளவே வேறுபாடு.

இப்னு பதூதா கண்ட எல்லைகள்

தரைவழிப் பயணத்தைப் பற்றிப் பேசுமிடத்து இப்னு பதூதாவை விடுத்துப் பேசுதல் இயலாது. மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்து, 1325இல் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்ட அவர், நம் மதுரைச் சுல்தானின் அவைவரை வந்தவர். அவர்தம் பயணநூலில் கத்யா என்னும் ஊரைப் பற்றிய பகுதியை நம் மாணவர் தேடிப் படித்தல் வேண்டும். எகிப்துக்கும் சிரியாவுக்கும் இடைப்பட்ட மணல்வெளியில் உள்ளது அவ்வூர். எகிப்தின் சீட்டின்றிச் சிரியாவுக்குள்ளும், சிரியாவின் சீட்டின்றி எகிப்துக்குள்ளும் எவரும் செல்லுதல் கூடாது. இரவில் மணலைச் சமப்படுத்தி வைப்பர். காலையில் அதிகாரி வந்து பார்ப்பார். காலடித் தடம் ஏதேனும் தென்பட்டால், பாலைவன அரபியர் அதனைப் பின்பற்றிச் சென்று ஆளைப் பிடித்து வருவர். கம்பிவேலியும் ஒளிவிளக்கும் இல்லாத காலத்து எல்லைக்காவல் இது! மணலையே பதிவேடாக்கிய அந்த அறிவை எண்ணி வியக்காதிருக்க முடியவில்லை.

அவர் இந்தியாவுக்குள் புகுந்த கதையும் நோக்கத்தக்கது. முல்தான் நகரில் அயலவர் தடுத்து நிறுத்தப்படுவர். வந்தவன் தோற்றம் எத்தகையது, உடை எத்தகையது, உடன் வந்தோர் எத்துணைப் பேர் என்றெல்லாம் எழுதித் தில்லிக்கு அஞ்சல் ஓட்டுவர். முகம்மது பின் துக்ளக்கின் ஆணை வரும்வரை வந்தவர் முல்தானிலேயே காத்திருக்க வேண்டும். இந்நாட்டிலேயே தங்குவதாக ஒப்புக்கொண்டு காழியின் முன் எழுதிக் கொடுத்தலும் உண்டு. இன்றைய விசா விண்ணப்பத்தின் வினாக்கள் அனைத்தும் ஏறத்தாழ அங்கே இருக்கின்றன.

ஆயினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. வழிப்போக்கன் முதலில் வாயிலுக்கு வருவான்; பின்னர் வாயிலில் இசைவு கேட்பான். விடை வரும்வரை அங்கேயே தங்குவான். இசுலாமியச் சட்டநூல்கள் பேசும் 'அமான்' என்னும் காப்புறுதியும் வாயிலில் வந்து நின்று கேட்பவனுக்குக் கொடுக்கப்பட்டதே. ஸகாத் பெறத்தக்க எட்டு வகையினருள் 'இப்னுஸ் ஸபீல்' எனப்படும் வழிப்போக்கனும் ஒருவன் என்பதை நாம் அறிவோம். தன் ஊரில் செல்வனாயினும் வழியில் அவன் இல்லாதவனே என்பது அதன் உட்கருத்து. அக்காலத்து அரசர் அனைவரும் அருளாளர் என்று கூற வரவில்லை. கொள்ளையும் சிறையும் அக்காலத்திலும் இருந்தன. வாயிலை அடைந்தவனின் வேண்டுகோள் வாயிலிலேயே கேட்கப்பட்டது என்பது மட்டுமே என் வாதம்.

பின்னின்று முன்னாகத் தொடுக்கும் மாலை

இன்றைய நடைமுறை என்ன? விசாவைப் புறப்படுமுன்னரே தம் நாட்டில் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளின் எதிர்பார்ப்பு. வழியிலுள்ள மூன்றாவது நாட்டில் விண்ணப்பித்தால், 'நீர் இந்நாட்டுக் குடிமகனா, இங்கு வாழும் உரிமை பெற்றவரா?' என்று கேட்டுத் திருப்பிவிடும் தூதரகங்கள் பல. பெற்ற விசாவுக்கோ ஒரு காலக்கெடு உண்டு. வழங்கிய நாளினின்று இத்தனை மாதத்திற்குள் நுழைய வேண்டும் என்பர். மூன்று மாதம் என்பது பரவலான கணக்கு. ஐந்து நாடுகளுக்கும் ஊரிலேயே விசா வாங்கிக்கொண்டு பேருந்திலும் புகைவண்டியிலுமாகப் புறப்பட்டவன் நான்காம் நாட்டின் எல்லையை அடையுமுன் நான்காம் விசா உயிர்விட்டிருக்கும்.

மேலும், வழிக்கடப்பு விசா கேட்பவனிடம் அடுத்த நாட்டின் விசாவைக் காட்டு என்பர். இதனால் பயணத்தின் வரிசையும் விசாவின் வரிசையும் தலைகீழாகின்றன. கடைசி நாட்டின் விசாவை முதலில் பெற வேண்டும். முதல் நாட்டின் விசாவைக் கடைசியில் பெற வேண்டும். ஆனால் முதலிற் பெற்றதன் கெடுவே முதலில் முடியும். அதனைப் பயன்படுத்தும் நாளோ கடைசியில் வரும். பூத்தொடுப்பவர் பின்னின்று முன்னாகத் தொடுத்தால் முதற்பூ வாடிவிடுவது போன்றது இது. வங்கிக் கணக்கு, விடுதிப் பதிவு, திரும்பும் பயணச்சீட்டு ஆகியவற்றையும் கேட்பர். நடந்து செல்பவனுக்கு ஏது திரும்பும் பயணச்சீட்டு? தன் மோட்டார்வண்டியில் செல்பவனாயின், வண்டிக்கென மோட்டார்ச் சங்கம் வழங்கும் 'கார்னே' என்னும் தனிச்சீட்டும், அதற்கு ஈடாகப் பெருந்தொகையும் வேறு வேண்டும். வண்டிக்கும் ஒரு விசா!

இவ்வழி ஒருகாலத்தில் திறந்தே இருந்தது. 1957 ஏப்ரலில் இலண்டனில் புறப்பட்ட 'இந்தியாமேன்' என்னும் பேருந்து ஜூன் மாதத்தில் கல்கத்தாவை வந்தடைந்தது. அதன்பின் இருபதாண்டுக் காலம் ஐரோப்பிய இளைஞர் பல்லாயிரவர் இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், லாகூர் வழியாக இந்தியாவுக்கு வந்தனர். ஒரு நகரில் தங்கி அடுத்த நாட்டு விசாவை வாங்கிக்கொண்டு மேலே சென்றனர். 1979இல் ஈரானில் புரட்சி. அவ்வாண்டின் இறுதியில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. பாதை அடைபட்டது.

மலப்புறத்தினின்று ஒரு நடை

இதற்கு அண்மைக் காலச் சான்று நம் அண்டை மாநிலத்திலேயே உண்டு. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தைச் சார்ந்த ஷிஹாப் சோட்டூர் என்னும் இளைஞர், 2023ஆம் ஆண்டு ஹஜ்ஜை நாடி, 2022 ஜூன் 2ஆம் நாள் தம் ஊரினின்று காலால் நடக்கத் தொடங்கினார். பாகிஸ்தான், ஈரான், ஈராக், குவைத் வழியாகச் சவூதி அரேபியாவை அடைதல் அவர் திட்டம். ஏறத்தாழ 8,600 கிலோமீட்டர் வழி. வழியெங்கும் மக்கள் திரண்டு அவரை வரவேற்றனர். ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நடந்து பஞ்சாபை அடைந்த அவர் வாகா எல்லையில் நின்றார். பாகிஸ்தானுக்குள் நுழைய விசா இல்லை.

முன்னரே விசா பெறாமல் புறப்பட்டது அறியாமை என்று சிலர் எழுதினர். செய்தித்தாள்களைக் கூர்ந்து படித்தவர் அவ்வாறு கூறமாட்டார். முன்னரே கொடுத்தால் நடந்து வருமுன் கெடு முடிந்துவிடும், ஆகவே எல்லைக்கு வந்தபின் தருகிறோம் எனத் தூதரகத்தார் கூறியிருந்தனர் என்று பஞ்சாபின் சமயத்தலைவர் ஒருவர் அப்பொழுதே செய்தியாளரிடம் தெரிவித்தார். முன்பு கூறிய வாடிய பூவின் கதைதான் இது. முன்னே வாங்கினால் காலாவதி. பின்னே கேட்டால் மறுப்பு. லாகூர்வாசி ஒருவர் இவருக்காக லாகூர் உயர்நீதிமன்றத்தை அணுகினார். குருநானக் பிறந்தநாளுக்கு வரும் சீக்கியர்க்கு விசா அளிப்பது போல் இவருக்கும் அளிக்கலாம் என்பது அவர் வாதம். வழக்குத் தொடுத்தவருக்கும் பயணிக்கும் உறவில்லை என்பது போன்ற காரணங்களால் 2022 நவம்பரில் அது தள்ளுபடியாயிற்று.

ஷிஹாப் எல்லைக்கருகே ஒரு பள்ளிக்கூடத்தில் ஏறத்தாழ நான்கு மாதம் தங்கியிருந்தார். 2023 பிப்ரவரியில் வழிக்கடப்பு விசா கிடைத்து எல்லையைக் கடந்தார். அவ்வாண்டு ஹஜ்ஜுக்கு மக்காவை அடைந்துவிட்டார். அவர் செய்தது சரியா, தேவையா என்று மார்க்க அறிஞரிடையே அன்று கருத்து வேறுபாடு எழுந்தது. அதனுள் நான் புகவில்லை. என் கண்ணில் படுவது ஒரு கணக்கு. இந்திய-பாகிஸ்தான் உடன்பாட்டில் வழிக்கடப்பு விசா என்பது மணிக்கணக்கில் அளக்கப்படுவது. லாகூரினின்று ஈரான் எல்லையிலுள்ள தஃப்தான் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் நடந்தால் 64 நாள் ஆகும். அந்த உடன்பாட்டை எழுதியவர் மனத்தில் ஒரு நடைப்பயணி இருந்திருக்கவே முடியாது. திருத்தலங்களுக்குக் குழுவாகச் செல்வோர்க்கென 1974இல் ஒரு நெறிமுறை வகுத்தனர். 2012 உடன்பாட்டில் சுற்றுலாக் குழுவுக்கும் ஒரு வகை சேர்த்தனர். தனியே நடந்து கடந்துபோகும் ஒருவனுக்கு அப்பட்டியலில் இடமில்லை. 2025 ஏப்ரலில் பகல்காம் படுகொலைக்குப்பின் அட்டாரி-வாகா வாயிலே மூடப்பட்டு, கொடுத்திருந்த விசாக்களும் விலக்கிக்கொள்ளப்பட்டன. இனி ஒருவர் நடக்க நினைத்தாலும் வழியில்லை.

வான்வழிக்கே வாய்ப்பு என்பதற்கு ஈரான் மற்றொரு சான்று. 2024 பிப்ரவரி முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகள் 15 நாள்வரை விசாவின்றி வரலாம் என்று ஈரான் அறிவித்தபொழுது நம்மவர் மகிழ்ந்தனர். அறிவிப்பின் உள்ளே ஒரு வரி இருந்தது: வானூர்தியில் வருவோர்க்கு மட்டும். நிலவழி வருபவன் முன்போல் விசா பெற்றே வரவேண்டும். வேலை வாங்கித் தருவதாக ஏய்த்து இந்தியரை அங்கே அழைத்துச் சென்று கடத்தியோர் இச்சலுகையைத் தவறாகப் பயன்படுத்தியமையால் 2025 நவம்பரில் அச்சலுகையே நிறுத்தப்பட்டது.

பிறரைக் கூறும் நாம் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்திய அரசு 2014இல் மின்விசா முறையைத் தொடங்கியது, நற்செயலே. ஆனால் நெடுங்காலம் அவ்விசாவைக் கொண்டு குறிப்பிட்ட வானூர்தி நிலையங்கள், துறைமுகங்கள் வழியாக மட்டுமே உள்ளே வர முடிந்தது. நேபாளத்தினின்று பேருந்தில் வரும் ஐரோப்பியன் மின்விசாவைக் காட்டினால் எல்லைக் காவலர் திருப்பி அனுப்புவர். ஏற்காட்டு விடுதியொன்றில் அயல்நாட்டார் தங்கினால், விடுதிக்காரர் 24 மணி நேரத்திற்குள் அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். 'சி படிவம்' என்று இத்தொழிலில் இருப்போர் அதனை அறிவர். 1939, 1946ஆம் ஆண்டுச் சட்டங்களின் இடத்தில் 2025 செப்டம்பர் முதல் புதிய குடிபுகல் மற்றும் அயல்நாட்டவர் சட்டம் வந்துவிட்டபோதும் அக்கடமை தொடர்கிறது. வந்தவரைப் பதிவு செய்ய நம்மிடம் நல்ல ஏற்பாடு இருக்கிறது. அவர் நிலவழியே வருவதற்கான ஏற்பாடுதான் குறைவு.

மோரேயில் நின்ற தமிழர்

மேற்கே வாகா எனில், கிழக்கே மோரே. மணிப்பூர் மாநிலத்தின் எல்லையூரான மோரேயில் தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேஸ்வரி கோயிலும் இருப்பதைக் கேள்வியுற்று வியப்பவர் உண்டு. பர்மாவில் 1962இல் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. பல தலைமுறை அங்கு வாழ்ந்த தமிழர் வெறுங்கையோடு கப்பலேறித் தமிழ்நாடு வந்தனர். வந்த இடத்தில் கால் ஊன்ற இயலாத சிலர், பிறந்த மண்ணுக்கே திரும்புவோம் என்று வடகிழக்கு வழியாக நிலத்தில் பயணப்பட்டனர். எல்லையில் தடுக்கப்பட்டனர். திரும்பி வருவதற்கும் மனமில்லை. நின்ற இடத்திலேயே ஊர் அமைத்துக்கொண்டனர். விசா மறுக்கப்பட்டமையால் உண்டான தமிழூர் என்று மோரேயின் தமிழ்க் குடியிருப்பைக் கூறினால் அது மிகையாகாது. பர்மியத் தமிழர் இலக்கியத்தைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பும் நம் இளமுனைவர் பட்ட மாணவர், ஏட்டை மட்டும் நோக்காது அவ்வூருக்கும் ஒருமுறை சென்றுவர வேண்டும்.

எல்லையின் இருபுறமும் வாழ்வோர் விசாவின்றிக் குறிப்பிட்ட தொலைவு சென்றுவரும் முறை அங்கே நெடுங்காலம் இருந்தது. 40 கிலோமீட்டராக இருந்த அத்தொலைவு 2004இல் 16 ஆகக் குறைக்கப்பட்டது. 2018 ஆகஸ்டில் கடவுச்சீட்டும் விசாவும் உடையோர் மோரே-தமு வழியாகச் செல்லலாம் என்றானது. தமிழ்நாட்டினின்று தாய்லாந்து, மலேசியா வரை நிலத்திலேயே செல்லலாம் என்று பலர் கனவு கண்டனர். 2020இல் நோயும், 2021இல் மியன்மாரின் படைப்புரட்சியும் அக்கனவைக் கலைத்தன. 2024 பிப்ரவரியில் அந்தப் பழைய தடையற்ற போக்குவரத்து முறையையும் முடிவுக்குக் கொண்டுவருவதாக நடுவணரசு அறிவித்தது.

பாதுகாப்பை மறந்து பேசுகிறேன் என்று சிலர் எண்ணலாம். கள்ளக்கடத்தலும் வன்முறையும் நிலவும் எல்லையில் காவல் தேவையன்று என எவரும் கூறார். ஆனால் திறந்த எல்லை நாட்டைக் கெடுத்துவிடும் என்பதும் முழு உண்மையன்று. 1950ஆம் ஆண்டு உடன்பாட்டின் பயனாக இந்தியரும் நேபாளியரும் விசாவின்றி வந்துபோகின்றனர். 1985இல் ஷெங்கன் என்னும் சிற்றூரில் ஐந்து நாடுகள் தொடங்கிய உடன்பாட்டில் இன்று 29 நாடுகள் உள்ளன. ஒரு விசாவைக் கொண்டு இந்தியன் ஒருவன் லிஸ்பனிலிருந்து பின்லாந்து வரை புகைவண்டியில் செல்லலாம். அந்நாடுகள் இரு உலகப் போர்களில் ஒன்றையொன்று அழித்தவை. நம் தெற்காசியாவிலோ சார்க் அமைப்பு 1992இல் ஒரு விசா விலக்குத் திட்டம் கொணர்ந்தது. அமைச்சர், நீதிபதி, நாடாளுமன்ற உறுப்பினர், பத்திரிகையாளர், விளையாட்டு வீரர் என 24 வகையினர்க்கு அது பொருந்தும். வழிப்போக்கனுக்குப் பொருந்தாது. ஏற்கெனவே எல்லாக் கதவும் திறந்திருப்போர்க்கே மற்றொரு கதவும் திறந்தது.

நான் வேண்டுவது பெரிதன்று. வழிக்கடப்பு விசாவின் கெடு, வழங்கிய நாளினின்று எண்ணப்படாமல் எல்லையைக் கடந்த நாளினின்று எண்ணப்பட வேண்டும். வழியிலுள்ள அண்டை நாட்டுத் தூதரகம் விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். பயணத்தின் வேகத்தை, அதாவது நடையா, மிதிவண்டியா, பேருந்தா என்பதை, விண்ணப்பத்தில் ஒரு வினாவாகக் கேட்டு அதற்கேற்ப நாள் கொடுக்க வேண்டும். முதலில் இதனை இந்தியா தன் நிலவாயில்களில் செய்து காட்டினால், பிறரிடம் கேட்க நமக்கு வாய் உண்டாகும்.

பெயரில் தொடங்கும் தடை

அரசுகள் செய்ய வேண்டியதை அரசுகள் செய்யட்டும். ஆசிரியராகிய நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அதுவே மிக எளிதும் ஆகும். நம்மவர் பலர் அயல்நாட்டு வாயில்களில் இடறுவது விசாவிற்கு முன்னரே, பெயரில்.

தமிழர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. கடவுச்சீட்டிலோ பெயர் என்றும் குடும்பப்பெயர் என்றும் இரு கட்டங்கள். முதலெழுத்தைச் சுருக்கமாக எழுத இடமில்லை. விரித்தே எழுத வேண்டும். விரித்து எழுதினால் தந்தையின் பெயர் மகனுக்குக் குடும்பப்பெயராகி, அயல்நாட்டு அதிகாரி மகனைத் தந்தையின் பெயர் சொல்லி அழைப்பார். ஒரு கட்டத்தை வெற்றாக விட்டால் இன்னும் தொல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோர் சுற்றுலா விசாவில் நுழைய முடியாது என்றது. தந்தை பெயர் கடவுச்சீட்டின் வேறு பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று சில நாளில் தளர்த்தியது. அந்தச் சில நாளில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் கலங்கியிருக்கும் என்பதை வளைகுடாவில் உறவினர் உள்ளோர் அறிவர். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயரினரின் பெயர்க் கட்டத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சிடுவர். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பது அதன் விரிவு. பெற்றோர் ஆசையோடு வைத்த பெயர், தெரியவில்லை!

முஸ்லிம் மாணவர்க்கு மற்றொரு சிக்கலும் உண்டு. முஹம்மது என்னும் ஒரு பெயரை ஆங்கிலத்தில் எழுதும் வகைகள் நம் வருகைப்பதிவேட்டிலேயே நான்கு ஐந்து தேறும். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, தந்தையின் கடவுச்சீட்டில் மற்றொன்று. வானூர்தியில் ஒரே எல்லையைக் கடப்பவன் ஒருமுறை விளக்கம் சொல்லித் தப்பலாம். நிலவழியே ஆறு எல்லைகளைக் கடப்பவன் ஆறுமுறை சொல்ல வேண்டும். அதுவும் ஈரானிலும் ஈராக்கிலும் அப்பெயர் அரபெழுத்தில் மீண்டும் எழுதப்படும். காதர் என்னும் பெயரின் முதலெழுத்து அரபியில் 'காஃப்'களுள் அடித்தொண்டையினின்று ஒலிப்பது. தமிழில் அது வெறும் 'கா' ஆகி, ஆங்கிலத்தில் 'கே' ஆகி, எல்லையிலுள்ள எழுத்தர் கையில் மற்றொரு காஃபாக வந்து நிற்கக்கூடும். நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுதிய காலத்தில் இத்தகைய குழப்பத்திற்கு இடமே இல்லை. அப்பேரறிவை நாம் இழந்துவிட்டோம். திரும்பப் பெற முயல்வது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

இப்பொழுது செய்யக்கூடியது இது. முதலாமாண்டு மாணவர் சேர்க்கை நாளில் ஒவ்வொரு மாணவரும் தம் பெயரையும் தந்தை பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் முழுமையாக விரித்து ஒரு தாளில் எழுத வேண்டும். அதனைப் பள்ளிச் சான்றிதழோடும், வீட்டில் எவருக்கேனும் கடவுச்சீட்டு இருந்தால் அதனோடும் தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வேறுபாடு தெரிந்தால் பல்கலைக்கழகப் பட்டச் சான்றிதழ் அச்சாகுமுன் திருத்திக்கொள்ளலாம். அச்சான பின் திருத்துவது அலைச்சல். சேர்வராயன் மலையின் சிற்றூர்களிலிருந்து இறங்கிவந்து படிக்கும் மாணவர்க்கு இது மிகவும் தேவை. அவர்தம் பெற்றோருட் பலர் கையொப்பமிட்ட தாள்களே குறைவு. பெயரைப் பள்ளியில் எவர் எப்படி எழுதினாரோ அதுவே நிலைத்துவிடுகிறது. 2017 முதல் அஞ்சலகங்களிலும் கடவுச்சீட்டுச் சேவை மையங்கள் திறக்கப்பட்டுள்ளமையால் விண்ணப்பிக்கச் சென்னை வரை செல்ல வேண்டியதில்லை. மூன்றாமாண்டு முடியுமுன் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் பெயர் பிழையற்ற ஒரு கடவுச்சீட்டு இருக்க வேண்டும். அதற்கான கட்டணத்தைச் செலுத்த இயலாத மாணவர்க்குச் சமுதாயப் பெரியோர்கள் உதவ முன்வரலாம்; கல்வி உதவித்தொகைப் பட்டியலில் இதனையும் ஒரு வரியாகச் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டுகிறேன்.